கழுத்துத் தகடும் கடவுச்சீட்டும்



அண்ணல் அம்பேத்கர் எழுதிய ஒரு சிறு நூலின் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று சொல்லலாம். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல், அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் அதைத் தனி நூலாக வெளியிட்டது. தலைப்பைப் பார்த்து யாராவது தூதரகத்தையும் அயல்நாட்டு வரிசையையும் தேடினால் ஏமாந்துபோவார்கள். நூலில் வருகிற பயணங்கள் எல்லாம் உள்நாட்டுப் பயணங்கள். 1901இல் தந்தையைப் பார்க்கச் சிறுவன் பீமன் ரயிலேறுகிறான். மசூர் நிலையத்தில் சாதி தெரிந்தவுடன் நிலைய அதிகாரி விலகிக்கொள்கிறார். மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இரவில் வழியிலிருந்த சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்டபோது அங்கேயும் ‘யார் நீங்கள்?’ என்ற கேள்விதான் வருகிறது. தண்ணீர் வரவில்லை.

அந்தச் சுங்கச்சாவடியிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். எல்லையில் நிற்கும் அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. சிலரிடம் ‘எங்கே போகிறீர்கள், எத்தனை நாள்?’ என்று கேட்கிறார். சிலரிடம் ‘நீ யார்?’ என்று கேட்கிறார். முதல் கேள்விக்குப் பயணச்சீட்டு பதிலாகிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல உடம்பையும் ஊரையும் பரம்பரையையும் காட்ட வேண்டியிருக்கும். நம் மக்கள் கடல் கடந்த இருநூறு ஆண்டுகளில் அவர்கள் கைக்கு வந்த தாள்களும் தகடுகளும் இந்த இரண்டாம் கேள்வியைச் சுமந்துதான் வந்தன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கடல் தாண்டினால் சாதி கெடும் என்று சாத்திரம் சொன்ன காலத்திலேயே நம்மவர்கள் கடல் தாண்டினார்கள். கெடுவதற்கு அவர்களிடம் சாதிப் பெருமை எதுவும் இல்லை. வயிற்றுப் பசியும் பண்ணையாரின் கடனும்தான் இருந்தன. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் இராமநாதபுரக் கரைக்கு நடந்து வந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைத் தின்றன. அவர்களிடம் கடவுச்சீட்டு இல்லை, கேட்பாரும் இல்லை. உழைக்கும் கை தேவைப்படும்போது எல்லை திறந்தே கிடக்கும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

கேள்வி கேட்காத கடலை நம் அறிவாளிகளும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல நாயகரிடம் பௌத்த தீட்சை பெற்றுத் திரும்பினார். தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கு அந்தப் பயணமே வித்து. விசா என்ற தடுப்பு அன்று அங்கே இருந்திருந்தால் அந்த வித்து எப்போது விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஒப்பந்தக் கூலிகளாகத் தொலைதூரம் போனவர்களின் நிலை வேறு. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கப்பல் அது. இப்படிப் போன கப்பல்களின் பயணியர் பட்டியல்களைப் பார்த்தால், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சேரியிலிருந்து தப்பித்துப் போனவருக்கு முன்பாகவே சேரியின் பெயர் கப்பலேறிவிட்டது. இறங்கியவுடன் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். பெயரை வெள்ளைக்காரன் எப்படி எழுதினாலும் எண் மாறாது. இந்த ஏற்பாட்டை மேற்பார்க்கச் சென்னையில் ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய பதவிக்குப் பெயர் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். உரையின் பிற்பகுதியில் அவர் மறுபடியும் வருவார்.

இனி மண்டபத்துக்கு வருவோம். இராமேசுவரம் போகிற வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்திவைக்க மண்டபத்தில் ஒரு முகாம் இயங்கியது. மண் இராமநாதபுரத்து மண். முகாமை நடத்தியது இலங்கை அரசு. அந்த நாட்டின் எல்லை கடலைத் தாண்டி வந்து நம் கரையில் உட்கார்ந்திருந்தது. இன்று வளர்ந்த நாடுகள் தங்கள் எல்லைச் சோதனையை அடுத்தவர் விமான நிலையத்திலேயே நடத்துகின்றன என்று வியந்து பேசுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது நூறு வருடப் பழைய செய்தி.

அந்த முகாமில் என்ன நடந்தது? குளிப்பாட்டினார்கள். உடுத்திய துணியை வாங்கி நீராவியில் அவித்தார்கள். அம்மை குத்தினார்கள். சில நாள்கள் கண்காணிப்பில் வைத்துப் பிறகு கப்பலுக்கு அனுப்பினார்கள். காலராவும் பிளேக்கும் உண்மையான ஆபத்துகள். மருத்துவச் சோதனையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே ரயிலின் உயர் வகுப்புப் பெட்டியில் வந்தவரை இந்தக் கூடத்துக்குள் இப்படி நிறுத்தவில்லை. கிருமிக்கு வகுப்பு வேறுபாடு தெரியாது, முகாமுக்குத் தெரிந்திருந்தது. தீட்டு என்ற பழைய சொல்லின் இடத்தில் தொற்று என்ற புதிய சொல் வந்து உட்கார்ந்தபோது, நிறுத்தப்பட்ட ஆட்கள் மட்டும் மாறவில்லை.

முகாமிலிருந்து வெளியேறும் தோட்டத் தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகரத் தகடு தொங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. அந்தத் தகட்டில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் இருக்கும். தகட்டைப் பார்த்து ரயிலில் ஏற்றுவார்கள். செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள். அதாவது அந்தத் தகடு பயணியின் அடையாள அட்டை அன்று, சரக்கின் முகவரிச் சீட்டு. சேர வேண்டிய இடம் எது, யார் பொறுப்பு என்பதை அது சொன்னது. அணிந்திருப்பவரின் பெயரை அது சொல்லவில்லை.

தோட்டத்துக்குள் போனபின் இன்னொரு தாள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், இன்ன தொகைக் கடனை அடைத்தால் இவரை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தருகிற துண்டு. கங்காணி கொடுத்த முன்பணமும் அதன்மேல் ஏறிய கணக்கும் அந்தத் துண்டில் இருக்கும். வெளியேறும் அனுமதி, அதாவது வெளியேற்ற விசா, நாட்டின் எல்லையில் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையிலேயே அது இருந்தது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

இதே காலத்தில் இன்னொரு வகைத் தடுப்பும் உலகத்தில் உருவாகிவந்தது. அது படிப்பால் ஆன தடுப்பு. ஒப்பந்தம் இல்லாமல் தாமாக வரும் இந்தியர்களை நிறுத்த நேட்டால் அரசு 1897இல் ஒரு சட்டம் போட்டது. அதில் இந்தியர் என்ற சொல்லோ நிறம் என்ற சொல்லோ கிடையாது. உள்ளே வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் அதே ஆண்டில் மற்றக் குடியேற்ற நாடுகளின் தலைவர்களிடம் இந்த வழியைப் பரிந்துரைத்தார். 1901இல் ஆஸ்திரேலியா ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லும் தேர்வைக் கொண்டுவந்தது. எந்த ஐரோப்பிய மொழியில் என்பது அதிகாரியின் விருப்பம். 1958 வரை அந்தத் தேர்வு சட்டத்தில் இருந்தது.

யாரை நிறுத்த வேண்டுமோ அவர்களுக்கு எது மறுக்கப்பட்டதோ, அதையே தகுதியாக வைத்துவிட்டால் போதும். இன வெறுப்பை எழுத்தில் காட்ட வேண்டியதில்லை. நேட்டால் கண்டுபிடித்த இந்தத் தந்திரத்தை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்வோம். ஏனென்றால் நம் ஊர்களில் அது வெகுகாலமாக நடந்துவந்தது. பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு ‘படிக்காதவன்’ என்று பெயர் வைப்பது புதிதா என்ன? சென்னையில் ஆல்காட் பஞ்சமருக்கென இலவசப் பள்ளிகளைத் தொடங்கியது 1894இல். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து நேட்டால் சட்டம் வருகிறது. ஒரு பக்கம் நம் பிள்ளைகள் முதல் எழுத்தை எழுதத் தொடங்குகிறார்கள்; மறுபக்கம் எழுத்தையே எல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடுகிறார்கள். நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். நம்மவர்களில் எழுத்து வாய்த்த ஒருவர் அங்கே நீதிமன்றத்துக்குள் நின்றார். எழுத்து வாய்க்காத பல்லாயிரம் பேருக்குக் கரும்புக் காடுதான்.

முதல் உலகப் போர் வந்தது. அதற்கு முன், 1913இல் அம்பேத்கர் நியூயார்க் போனபோது, இந்தியர் வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக் கட்டாயம் என்ற நிலை இருக்கவில்லை. போர் அதைக் கட்டாயமாக்கியது. போர் முடிந்தும் அது போகவில்லை. 1920இல் இந்தியாவுக்குள் நுழைவோரிடம் கடவுச்சீட்டுக் கேட்கும் சட்டம் வந்தது. 1922இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பிரிவினை தெரியும். வணிகர், மாணவர், வழக்கறிஞர் ஆகியோர் பயணிகள், அவர்களுக்குக் கடவுச்சீட்டு. தோட்டக்காட்டுக்குப் போகிறவர் ‘குடிபெயர்வோர்’. அவருக்கு முகாமும் தகடும் பாதுகாவலரும். ஒரே துறைமுகம், ஒரே கடல், இரண்டு வகை மனிதர்கள்.

1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டமும் 20ஆம் எண் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நிறைவேறின. மலையகத் தமிழர்கள் குடியுரிமை அற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகிய நம் மக்கள். மறு ஆண்டு, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. அதன் நிபந்தனை, திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் ஆகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது. தாய் சாகக் கிடக்கிறாள் என்று ஊருக்குப் போய் நாள் கடந்து தங்கியிருந்தால் அந்தப் பயணமே அவருக்கு எதிரான சாட்சி. விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

நேற்றுவரை தோட்டத்துரை ஆளனுப்பிக் கூட்டிவந்த மக்கள் ஒரே சட்டத்தில் ‘கள்ளத்தோணி’ ஆனார்கள். விசா இல்லாமல் தோணியில் வந்தவரைக் குறித்த அந்தச் சொல், இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் ஏசும் சொல்லாயிற்று. ‘பறக் கூலி’ என்ற பழைய வசவுடன் இந்தப் புதிய வசவும் சேர்ந்துகொண்டது. சிங்களவர் மட்டுமா சொன்னார்கள்? தமிழர்களின் வாயிலும் அது வந்தது என்பதை மலையக எழுத்தாளர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரிப்பதுபோல் பிரித்தார்கள் என்றால் மிகையில்லை. இந்தியாவின் பங்கில் வந்தவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் கடவுச்சீட்டு. ஒரு பயணத்துக்கு மட்டுமே பயன்பட்ட கடவுச்சீட்டு. அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். கடல் கடந்து வந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம்? அதே மண்டபம் முகாம்.

இந்தப் பக்கம் சுதந்திர இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது? 1947 முதல் 1967 வரை கடவுச்சீட்டு வழங்க இந்தியாவில் தனிச் சட்டமே இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். அந்த இருபது ஆண்டுகளின் ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாளர் கலாத்மிகா நடராஜன், வெளிநாட்டில் இந்தியாவின் மானத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் ‘கூலி’ என்று கருதப்பட்டவர்களுக்கும் படிப்பறிவில்லாத ஏழைகளுக்கும் கடவுச்சீட்டை அரசே மறுத்துவந்ததையும், அந்த எண்ணத்துக்குள் சாதி வேலை செய்ததையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் நம்மைக் கூலி என்று அழைத்த அவமானம் தீர, கூலிகளையே கண்ணில் படாமல் மறைத்துவிடுவது என்ற முடிவு இது.

1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவரில் மூவரின் தீர்ப்பு அது. அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அந்த உரிமையை இன்னும் விரித்தது. இவை நாம் போற்ற வேண்டிய தீர்ப்புகள். முதல் வழக்கைத் தொடுத்தவர் ஒரு வணிகர்; இரண்டாவது வழக்கைத் தொடுத்தவர் பிரதமர் குடும்பத்து மருமகள். உரிமை நாட்டுக்கே கிடைத்தது. ஆனால் 1983இல் வந்த புதிய குடிபெயர்வுச் சட்டம், உழைக்கப் போகிறவருக்கு அந்த உரிமையின்மேல் இன்னொரு பூட்டைப் போட்டது.

சென்னையில் ‘இ.சி.ஆர்.’ என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. விடுமுறை நாளில் கார்கள் பறக்கிற சாலை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற நம் இளைஞருக்கு அதே மூன்றெழுத்து கடவுச்சீட்டில் விழுகிற முத்திரை: ‘குடிபெயர்வு அனுமதி தேவை’. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு இந்த முத்திரை. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமானால், விசா கையில் இருந்தாலும் சொந்த அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைத் தருகிற அதிகாரியின் பதவிப் பெயர் என்ன தெரியுமா? ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’. நேட்டால் கப்பல் காலத்துப் பெயர் அப்படியே இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர் பத்தாம் வகுப்புத் தேறாவிட்டாலும் அவருக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. முத்திரையுள்ள கடவுச்சீட்டுடன் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக விரும்பும் பெண்ணுக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இது பாதுகாப்புக்காகத்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. முகவர்களின் மோசடி, சொன்ன சம்பளம் ஒன்று கொடுப்பது ஒன்று, கடவுச்சீட்டையே பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் என்று வளைகுடாவின் துயரங்கள் உண்மையானவை. ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பதும் காப்பீடு தருவதும் தேவைதான். ஆனால் தவறு செய்கிறவர் முகவரும் முதலாளியும் என்றால் கட்டு ஏன் தொழிலாளியின் காலில் விழுகிறது? விளைவையும் பாருங்கள். வேலைக்குப் போனால்தான் இந்த அனுமதி வேண்டும்; சுற்றிப் பார்க்கப் போனால் வேண்டாம். ஆகவே முகவர்கள் ஆளைப் பார்வையாளர் விசாவில் அனுப்பி, அங்கே வேலையில் சேர்க்கிறார்கள். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. பாதுகாக்க வந்த சட்டம் அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம், இந்த முத்திரை உள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டையில் கடவுச்சீட்டுத் தரப்போவதாக அறிவித்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இவர் பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்று விமான நிலையம் முழுவதற்கும் தெரிந்துவிடும். எதிர்ப்புக் கிளம்பியது, கேரளத்தில் வழக்கும் தொடர்ந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அரசு திட்டத்தைக் கைவிட்டது. நிறம் போய்விட்டது, முத்திரை இருக்கிறது. இந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. நேட்டால் சட்டத்தில் இந்தியர் என்ற சொல் இருந்ததா? தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் யாருக்கு எட்டவில்லையோ அவர்களின் கடவுச்சீட்டில்தான் இந்த முத்திரை அதிகம் விழும் என்று கண்டுபிடிக்க ஆணையம் வேண்டியதில்லை.

மறுபடியும் மண்டபம். 1983 இனப்படுகொலைக்குப் பின் அந்த இடம் அகதிகள் முகாமாயிற்று. ஈழத்திலிருந்து வந்தவர்களுடன், வன்னியில் குடியேறியிருந்த மலையக மக்களும் வந்தார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியர். அன்று முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது நம் குடியுரிமைச் சட்டம். ஒரே முகாமில் ஒரே தாய்க்குப் பிறந்த அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு தேதி எல்லைக்கோடாக நிற்கலாம். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. போகும்போது நோய்ச் சோதனை முகாம், திரும்பும்போது தாயகம் திரும்பியோர் முகாம், தப்பி வரும்போது அகதி முகாம். நூறாண்டுக்கு மேலாக ஒரே இடம் ஒரே மக்களிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தோழர்களே, இந்த வரலாற்றிலிருந்து மூன்று பணிகள் நமக்கு எழுகின்றன. முதலாவது, படிப்பை வைத்துக் கடவுச்சீட்டைப் பிரிக்கும் முறை போக வேண்டும். பாதுகாப்பு வேலை ஒப்பந்தத்தின்மேல் இருக்கட்டும். மனிதரின்மேல் முத்திரை வேண்டாம். இரண்டாவது, மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் வாழ்கிறவர்களின் குடியுரிமையைத் தலித் இயக்கங்கள் தம் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலர் நம் சேரிகளிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். மூன்றாவது பணி இலக்கியவாதிகளுடையது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும், தஞ்சை, இராமநாதபுரம், நெல்லைக் கிராமங்களிலும் இன்னும் சில வீடுகளின் தகரப் பெட்டிகளில் பழைய துண்டும் குடும்ப அட்டையும் ஒருமுறை மட்டும் பயன்பட்ட கடவுச்சீட்டும் கிடக்கின்றன. கறையான் அரிப்பதற்குள் அவற்றைப் படம் எடுங்கள். வைத்திருக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து கதையைக் கேட்டு எழுதுங்கள். அதிகாரி எழுதிய தாள் தோட்டத்தின் எண்ணைச் சொல்லும். கழுத்தில் தகடு கட்டியிருந்தவரின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.